சுருங்கிய சொற்களும் விரிந்த கதைகளும்



நமது பாடசாலை மாணவர்களின் பொது அறிவுக் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்ப்போர் ஒரு பக்கத்தைத் தவறாது காண்பர். அதன் தலைப்பிலே 'ஆங்கிலச் சொற்களின் விரிவு' என்று எழுதப்பட்டிருக்கும். இடப்புறத்தில் நியூஸ், டீ, செஸ், கொம்பியூட்டர், பென் என்னும் சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். வலப்புறத்தில் அச்சொற்களின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லாக விரிவு வரையப்பட்டிருக்கும். அதே வரிசையில் யுனெஸ்கோ, சார்க், ராடார் என்பனவும் இடம்பெறும். பின்னர்க் கூறிய மூன்றின் விரிவும் மெய். முன்னர்க் கூறிய ஐந்தின் விரிவும் பொய். அவற்றுள் பென் என்பதற்கு மட்டும் ஒரு சிறு விலக்கு உண்டு, அதனை இறுதியிற் காண்போம். மெய்யும் பொய்யும் ஒரே மையினால், ஒரே நம்பிக்கையோடு எழுதப்பட்டுள்ளன. வினாவிடைப் போட்டிகளில் இரண்டுக்கும் ஒரே அளவு புள்ளியும் வழங்கப்படுகின்றது.

இதிலே என்ன தீங்கு, பிள்ளைகள் விளையாட்டாகக் கற்றுவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கூறுவர். தீங்கு உண்டு என்பதே என் கருத்து. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. பொய்யான விரிவு அந்த வரலாற்றை மறைத்துவிடுகின்றது. மறைக்கப்படும் வரலாறோ, பெரும்பாலும், கட்டிய கதையிலும் பன்மடங்கு சுவையானது.

முதலில் நியூஸ் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்னும் நான்கு திசைகளுக்குரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்தே இச்சொல் ஆக்கப்பட்டது, நாற்றிசையினின்றும் வருவதே செய்தி, என்று குறிப்பேடு கூறும். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கின்றது. ஆனால் ஆங்கிலேயர் திசைகளை இந்த ஒழுங்கில் எண்ணுவதில்லை. நியூ என்றால் புதியது. அதன் பன்மை நியூஸ். புதியன என்பது பொருள். பிரெஞ்சு மொழியில் அக்காலத்தில் செய்தியைப் புதியவை என்னும் பொருள்படும் சொல்லாற் குறித்தனர். அதனைப் பின்பற்றி ஆங்கிலேயரும் பதினைந்தாம் நூற்றாண்டளவில் அவ்வாறே வழங்கத் தலைப்பட்டனர். பழைய ஏடுகளில் இச்சொல்லின் இடையிலும் ஈற்றிலும் எழுத்துக்கள் கூடியும் குறைந்தும் காணப்படுகின்றன. திசைகளின் முதலெழுத்துக்களால் அமைந்த சொல்லாயின் இவ்வாறு எழுத்து மாற்றம் நிகழ இடமேயில்லை.

டீ என்பதற்குச் சுவையும் ஊக்கமும் தருவது என்றொரு விரிவு வழங்குகின்றது. தேயிலையால் வாழும் இந்நாட்டிலே இப்பொய் நிலைபெற்றிருப்பது வியப்பே. சீனாவின் தென்கிழக்குக் கரையிலுள்ள அமோய்த் துறைமுகப் பகுதி மக்கள் இவ்விலையைத் தே என்றனர். அங்கு வாணிகஞ் செய்த ஒல்லாந்தர் அச்சொல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். சீனாவின் பிற பகுதிகளில் அதன் பெயர் சா. மக்காவோவிலிருந்த போர்த்துக்கேயர் அச்சொல்லைக் கைக்கொண்டனர். உலகமெங்கும் இவ்விலைக்கு வழங்கும் பெயர்களுட் பெரும்பாலன இவ்விரண்டின் வழிவந்தனவே. இலண்டனில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ் என்பவர் 1660ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆம் திகதி தாம் இச் சீனப் பானத்தை முதன்முதல் அருந்தியதைத் தமது நாட்குறிப்பிலே பதிந்துள்ளார். நாம் தேயிலை என்கின்றோம். தே என்னும் மரத்தின் இலை என்பது அச்சொல்லிலேயே வெளிப்படையாக நிற்கின்றது. ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டு லூல்கந்துர தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்டபோது அதன் பெயருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட அச்சு வரலாறு இருந்தது.

செஸ் என்பதன் பொய் விரிவு மற்றவற்றினும் திறமையானது. தேர், குதிரை, யானை, போர்வீரர் என்னும் நான்கின் ஆங்கிலப் பெயர்களை ஒழுங்காக எழுதினால் அவற்றின் எழுத்துக்களைக்கொண்டு செஸ் என்னும் சொல் கிடைத்துவிடும். அந்நான்கும் நால்வகைப் படையின் உறுப்புக்களே. சதுரங்கம் என்னும் வடமொழிப் பெயரின் பொருளும் நான்கு உறுப்பு என்பதே. இவ்வளவு பொருத்தம் இருக்கும்போது யார்தான் ஐயுறுவர்! ஆயினும் ஆங்கிலச் சொல் வந்த வழி வேறு. இந்தியாவிலிருந்து இவ்விளையாட்டு பாரசீகம் சென்றது. அங்கு அரசன் தாக்கப்படும் வேளையில் ஆடுவோர் 'ஷா' என்று எச்சரிப்பர். ஷா என்றால் அரசன். அரபு நாட்டார் வாயிலாக அவ்வோசை ஐரோப்பாவை அடைந்து, இலத்தீன் உருப்பெற்று, பழைய பிரெஞ்சு மொழியிற் பன்மைச் சொல்லாகி, ஆங்கிலத்திலே தலையெழுத்தை இழந்து செஸ் ஆயிற்று. அரசனைத் தாக்கும்போது ஆங்கிலேயர் கூறும் 'செக்' என்பதும் அதே ஷா. வங்கியில் நாம் எழுதும் காசோலைக்குரிய ஆங்கிலப் பெயரும் அதன் கிளை. இங்கிலாந்தின் திறைசேரிக்கு வழங்கும் எக்ஸ்செக்கர் என்னும் பெயரோ சதுரங்கப் பலகை என்று பொருள்படும். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே அரச வருமானத்தைக் கணக்கிடும் அதிகாரிகள் கட்டம் போட்ட துணியை மேசைமீது விரித்து, காய்களை நகர்த்தியே கூட்டல் கழித்தல் செய்தனர். ஒரு பாரசீக அரசனின் பெயர் ஆட்டப் பலகையினின்றும் திறைசேரிவரை சென்ற இவ்வரலாற்றை அறியாது, தேரையும் விலங்குகளையும் வீரரையும் மனனஞ் செய்யும் மாணவனை எண்ணி இரங்கவேண்டியுள்ளது.

கொம்பியூட்டர் என்பதை நீண்ட விரிவொன்றினால் விளக்குவோர், கணித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்றும் பிறந்த அச்சொல் பதினேழாம் நூற்றாண்டிலேயே கணக்கிடும் மனிதரைக் குறித்து வழங்கியதை அறியார். இயந்திரத்துக்கு அப்பெயர் பின்னர் வந்தது.

இனி, சொற்களைச் சுருக்கி எழுதும் வழக்கம் எவ்வாறு தோன்றிற்று என்பதை நோக்குவோம். எழுத்துக்களின் முதலைக் கூட்டிப் புதுச்சொல் படைத்து அதனை ஒரு சொல்லாகவே உச்சரிக்கும் முறை பழங்காலத்தில் மிக அரிது. யூதரிடத்தும் ஆதிக் கிறித்தவரிடத்தும் சில எடுத்துக்காட்டுக்கள் உண்டு. மீன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் ஐந்து எழுத்துக்களையும் இயேசுவின் திருப்பெயரும் பட்டங்களுமாக விரித்தமை அவற்றுட் புகழ்பெற்றது. பொதுமக்கள் பேசும் ஆங்கிலத்திலோ இருபதாம் நூற்றாண்டுக்கு முன்னர் இம்முறை இல்லையென்றே சொல்லிவிடலாம். ஆகவே, நூற்றாண்டுகள் பல கண்ட ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு முதலெழுத்து விரிவு ஒன்று கூறப்படுமாயின் அதனை உடனே ஐயுறுவதில் தவறில்லை.

பழங்காலத்தில் இருந்தது வேறு வகைச் சுருக்கம். அது வாயினாற் பிறந்ததன்று, கையினாற் பிறந்தது. தோலேட்டில் இறகினால் எழுதிய எழுத்தர்கள் இடமும் நேரமும் மிச்சம்பிடிக்கவேண்டி அடிக்கடி வரும் இலத்தீன் சொற்களைக் குறுக்கினர். உரோம நாவலர் சிசரோவின் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற தைரோ என்பவர் பெயரால் ஒரு சுருக்கெழுத்து முறையே வழங்கிற்று. ஆங்கிலத்தில் 'உம்' என்னும் பொருளுக்கு இன்றும் எழுதப்படும் முடிச்சுப் போன்ற குறி, இலத்தீனில் அதே பொருள் தரும் 'எற்' என்னும் சொல்லின் ஈரெழுத்தும் ஒன்றோடொன்று பிணைந்து உண்டானது. 79ஆம் ஆண்டிலே எரிமலைச் சாம்பலில் மூழ்கிய பொம்பெயி நகரத்துச் சுவர்களில் அப்பிணைப்பெழுத்து காணப்படுகின்றது. ஆங்கிலப் பாடசாலைகளில் முன்னாளில் நெடுங்கணக்கை ஒப்புவிக்கும் சிறுவர் இறுதி எழுத்தின் பின்னர் இக்குறியையும் சேர்த்து, தானே ஒரு சொல்லாகவும் நிற்பது இது என்னும் பொருள்பட, 'அண்ட் பெர் சே அண்ட்' என்று ஓதி முடிப்பர். வேகமாக ஓதிய பிள்ளைகளின் வாயிலே அது தேய்ந்து 'அம்பர்சண்ட்' ஆகிவிட்டது. அகராதிகளும் அதனை ஏற்றுக்கொண்டன. பிள்ளைகள் படைத்த சொற்களுள் நிலைபெற்றவை சிலவே. இஃது அவற்றுள் ஒன்று.

இறாத்தலுக்கு ஆங்கிலத்தில் எழுதும் குறியிலே பவுண்ட் என்னும் சொல்லின் எழுத்து ஒன்றுகூட இல்லாமை மாணவரை மயக்குவதுண்டு. அது லிப்ரா என்னும் இலத்தீன் நிறைப் பெயரின் சுருக்கம். பவுண் நாணயத்தின் குறியும் அதே லிப்ராவின் முதலெழுத்தே. சிலிங், பென்ஸ் என்பவற்றுக்கு எழுதிய குறிகள் சொலிடுஸ், தெனாரியுஸ் என்னும் உரோம நாணயங்களின் முதலெழுத்துக்கள். உரோமப் பேரரசு மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தும் அதன் நாணயப் பெயர்கள் ஆங்கிலக் கடைக்காரனின் கணக்கேட்டிலே வாழ்ந்தன. இங்கிலாந்து 1971ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி தசம நாணய முறைக்கு மாறியபோதுதான் தெனாரியுஸ் ஓய்வு பெற்றது. இலங்கை அதனினும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தி, 1872ஆம் ஆண்டிலேயே, ரூபாவும் சதமுமாகக் கணக்கிடத் தொடங்கிவிட்டது. நாம் அந்தர் என்று வழங்கிய 112 இறாத்தல் நிறைக்கு ஆங்கிலத்தில் எழுதும் குறியோ, நூறு என்னும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்தும் நிறை என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலும் ஈறும் கலந்த கலப்பு.

இவ்வகைச் சுருக்கம் நமக்குப் புதியதன்று. நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபா என்பவற்றுக்குத் தமிழில் தனிக் குறிகள் உண்டு. பழைய கடிதங்களிலும் கணக்கேடுகளிலும் அவற்றைக் காணலாம். பேச்சிலே தேய்ந்த சொற்களுக்கு நம் இலக்கணகாரர் மரூஉ என்று பெயரிட்டு, தஞ்சாவூர் தஞ்சையானதையும் சோழநாடு சோணாடானதையும் காட்டினர். அவற்றைப் பிழையென்று தள்ளாது வழக்கினுள் ஏற்றுக்கொண்டனர்.

ஆங்கிலப் புலவர் எல்லாரும் அவ்வாறு பெருந்தன்மை காட்டவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் நாகரிகர் நீண்ட சொற்களின் தலையை மட்டும் வைத்துக்கொண்டு உடலை வெட்டி எறியலாயினர். கலிவரின் பயணக் கதையை எழுதிய யோனதன் சுவிஃப்ட் 1710ஆம் ஆண்டு 'டாட்லர்' என்னும் ஏட்டிலே இவ்வழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். அவர் வெறுத்த சொற்களுள் ஒன்று மொப் என்பது. நிலையற்ற மக்கட் கூட்டம் எனப் பொருள்படும் இலத்தீன் தொடரொன்றின் முதற் சிறுதுண்டே அது. சுவிஃப்டின் சினத்தை அச்சொல் சிறிதும் பொருட்படுத்தவில்லை. இன்றும் ஆங்கிலத்தில் கலகக் கும்பலைக் குறிக்க அதனினும் ஏற்ற சொல் இல்லை. வழக்குமன்றத்திலே புலவர் தோற்பது எந்த மொழியிலும் இயல்பே.

வெட்டுண்ட சொற்களுள் மிக விந்தையானது பஸ். பிரான்சின் நாந்து நகரில் 1820களில் எல்லாரும் ஏறிச் செல்லத்தக்க குதிரை வண்டிச் சேவை ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு ஒம்னிபஸ் என்று பெயர். எல்லாருக்கும் என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். 1829ஆம் ஆண்டு ஜோர்ஜ் சிலிபியர் அதனை இலண்டன் வீதிகளுக்குக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளுக்குள் மக்கள் அதன் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டனர். அவ்வாலோ நான்காம் வேற்றுமைப் பன்மை உருபின் ஒரு துண்டு. எல்லார் என்னும் பொருளுள்ள பகுதி முழுவதும் போய்விட்டது. தமிழில் 'மக்களுக்கு' என்னும் சொல்லிலே மக்களை நீக்கிவிட்டு எஞ்சியதை ஒரு வண்டிக்குப் பெயராக வைத்தால் எவ்வாறிருக்கும்! 1958ஆம் ஆண்டு தொடக்கத்தில் நம் நாட்டுப் பஸ் சேவைகளைப் பொறுப்பேற்ற இலங்கைப் போக்குவரத்துச் சபையை இ.போ.ச. என்று மக்கள் சுருக்கிக்கொண்டனர். இ.போ.ச. பஸ் என்று நாம் சொல்லும்போது தமிழ் முதலெழுத்துக்கள் மூன்றும் இலத்தீன் வேற்றுமை உருபின் ஒரு துண்டும் அருகருகே நிற்கின்றன.

இனி, உலகத்திலே மிகுதியாக வழங்கும் குறுஞ்சொல்லாகிய ஓ.கே. என்பதற்கு வருவோம். இதற்குக் கூறப்பட்ட பிறப்புக் கதைகள் பல. கிரேக்கத்தில் 'எல்லாம் நலம்' என்னும் தொடரின் முதலெழுத்துக்கள் என்றார் சிலர். போர்க்களத்தில் மாண்டார் எவருமில்லை என்பதன் குறி என்றார் வேறு சிலர். அமெரிக்க ஆதிக்குடிகளான சொக்டோ மக்களின் மொழியினின்றும் வந்தது என்பது பலர் கொள்கை. சனாதிபதி வூட்ரோ வில்சன் அக்கொள்கையை நம்பி, அம்மொழிக்கேற்ற எழுத்துக்கூட்டலிலேயே தம் ஆவணங்களில் எழுதினார்.

இக்கதைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, சொல் முதன்முதல் அச்சேறிய இடத்தைத் தேடிப் புறப்பட்டவர் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலன் வோக்கர் ரீட். பழைய அமெரிக்கப் புதினத்தாள்களை அவர் பக்கம் பக்கமாகத் துருவினார். 1963, 1964ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் வினாவைத் தீர்த்துவைத்தன. 1839ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் திகதி 'பொஸ்டன் மோர்னிங் போஸ்ட்' என்னும் தாளின் இரண்டாம் பக்கத்திலே, வேடிக்கைச் சங்கம் ஒன்றைப்பற்றிய கேலிக் குறிப்பில், ஓ.கே. என்று அச்சிட்டு, 'எல்லாம் சரி' என்று அருகே பொருளும் எழுதப்பட்டுள்ளது. எல்லாம் சரி என்னும் ஆங்கிலத் தொடரின் உண்மை முதலெழுத்துக்கள் ஏ, சி என்பன. எழுத்தறியாதவன் ஒலியைக்கொண்டு எழுதினால் அவை ஓ, கே என்றாகும். வேண்டுமென்றே பிழையாக எழுதி, அப்பிழையைச் சுருக்கியும் எழுதுவது அந்நாளைய பொஸ்டன் பத்திரிகையாளரின் நகைச்சுவை. பயனில்லை என்பதற்கும் அவ்வாறே பிழைபட்ட சுருக்கம் ஒன்று இருந்தது. அவை யாவும் ஓராண்டிரண்டாண்டில் மடிந்தன. ஓ.கே. மட்டும் ஏன் பிழைத்தது?

அதனைக் காத்தது ஒரு தேர்தல். 1840ஆம் ஆண்டு சனாதிபதி மார்ட்டின் வான் பியூரன் மறுமுறை போட்டியிட்டார். அவர் பிறந்த ஊர் நியூயோர்க் மாநிலத்திலுள்ள கிண்டர்ஹூக். 'கிண்டர்ஹூக் முதியவர்' என்னும் அவர் பட்டப்பெயரின் ஆங்கில முதலெழுத்துக்களும் ஓ, கே என்றே அமைந்தன. அவர் ஆதரவாளர் அப்பெயரில் கழகங்கள் அமைத்து வீதிதோறும் முழங்கினர். எதிர்க்கட்சியினர் சும்மா இருப்பரா? வான் பியூரனின் தலைவரும் முன்னாட் சனாதிபதியுமான அன்ட்ரூ ஜாக்சன் எழுத்துக்கூட்டத் தெரியாதவர், ஆவணங்களில் எல்லாம் சரி என்பதை ஓ.கே. என்று பிழையாக எழுதியவர் அவரே, என்று கதை கட்டிப் பரப்பினர். வான் பியூரன் தோற்றார், வில்லியம் ஹென்றி ஹரிசன் வென்றார். நகையும் தேர்தலும் மறந்துபோயின. சொல் தங்கிவிட்டது. பின்னர்த் தந்தி வந்தபோது, செய்தி சரியாகக் கிடைத்தது என்று மறுமொழி கூறப் புகையிரதத் தந்தியாளருக்கு அது மிக வாய்ப்பாக அமைந்தது. வேண்டுமென்றே செய்த ஓர் எழுத்துப்பிழை இன்று எத்தனை கோடி வாய்களில் நடமாடுகின்றது!

தந்தியைக் குறிப்பிட்டேன். சுருக்கத்தின் வரலாற்றிலே தந்திக்குத் தனியிடம் உண்டு. எழுத்தர் காலத்திற் சுருக்கம் தோலேட்டை மிச்சப்படுத்திற்று. தந்தியில் அது காசையும் நேரத்தையும் மிச்சப்படுத்திற்று. கம்பியில்லாத் தந்தி கப்பல்களுக்கு வந்தபின் அது உயிரையும் காக்கவேண்டியதாயிற்று. 1904ஆம் ஆண்டு மார்க்கோனிக் கம்பனி தன் தந்தியாளருக்கு ஆபத்துக் குறியாக சி.கியூ.டி. என்பதை விதித்தது. முதலிரண்டு எழுத்தும் 'எல்லா நிலையங்களுக்கும்' என்னும் பழைய தந்தி அழைப்பு. மூன்றாவது, இடர் என்பதன் எழுத்து. மக்களோ அதனை 'விரைந்து வாருங்கள், ஆபத்து' என்று விரித்துக்கொண்டனர்.

ஜெர்மனி வேறொரு குறியை மேற்கொண்டிருந்தது. மூன்று குற்று, மூன்று கோடு, மீண்டும் மூன்று குற்று. இடைவெளியின்றி ஒரே ஓட்டமாக அனுப்பவேண்டிய ஒலி அது. 1906ஆம் ஆண்டு பேர்லின் நகரிற் கூடிய சர்வதேச மாநாடு அதனையே உலகப் பொதுக் குறியாக ஏற்றது. 1908ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. இடைவெளி விட்டுப் படித்தால் அதனை எஸ், ஓ, எஸ் என்று படிக்கலாம். வேறிடத்தில் இடைவெளி விட்டால் வி, டி, பி என்றும், இன்னுமோரிடத்தில் விட்டால் ஐ, ஜே, எஸ் என்றும் படிக்கலாம். மோர்ஸ் எழுத்து அறிந்தவர் இதனை எழுதிப் பார்த்துக்கொள்க. எனவே, 'எங்கள் ஆன்மாக்களைக் காப்பாற்றுங்கள்' என்பதும், 'எங்கள் கப்பலைக் காப்பாற்றுங்கள்' என்பதும் பின்னர் ஒட்டிய விரிவுகள். காற்றின் இரைச்சலுக்கிடையே, அரைத் தூக்கத்திலுள்ள தந்தியாளனும் வேறெதனோடும் மயங்காது அறியத்தக்க தாளம் என்பதே அக்குறியின் சிறப்பு.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி இரவு 'டைட்டானிக்' கப்பல் பனிமலையில் மோதியது. நள்ளிரவின் பின் தலைமைத் தந்தியாளர் ஜாக் பிலிப்ஸ் தாம் பழகிய சி.கியூ.டி. என்பதையே முதலில் அனுப்பினார். அவர் துணைவர் ஹரல்ட் பிரைட், புதிய குறியையும் அனுப்பிப் பாரும் என்று கூற, பிலிப்ஸ் இரண்டையும் மாறி மாறி அனுப்பினார். 'கார்பேத்தியா' என்னும் கப்பல் கேட்டு விரைந்து வந்து எழுநூற்றுக்கு மேற்பட்டோரைக் கரைசேர்த்தது. அதனினும் அணித்தே நின்ற 'கலிபோர்னியன்' என்னும் கப்பலின் ஒரே தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டுத் துயிலச் சென்றிருந்தார். ஆயிரத்தைந்நூறு பேரளவில் மாண்டனர். பிலிப்சும் மாண்டார். பிரைட் உயிர்தப்பினார். இதன்பின்னரே பயணிகள் கப்பல்களில் இராப்பகலாகச் செவிசாய்த்திருக்க வேண்டுமென்னும் விதி வலுப்பெற்றது. அந்த இரவிலே பிலிப்சின் விரல்கள் அனுப்பியது ஆன்மாவைப்பற்றிய வாசகம் அன்று. ஒன்பது அடிகள் கொண்ட ஓர் ஒலி. அதனைக் கேட்க எவரேனும் விழித்திருந்தனரா என்பதே அன்று உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வினா. அழகான விரிவுகள் அவ்வினாவை மறைத்துவிடுகின்றன.

குரல் வழிப் பேசும் வானொலி வந்தபோது இக்குறி பயன்படவில்லை. எஸ் என்னும் எழுத்தின் ஓசை இரைச்சலில் தெளிவாகக் கேளாது. இலண்டனுக்கு அருகேயிருந்த குரொய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாகவிருந்த பிரெடெரிக் மொக்ஃபோட் 1920களில் 'மேடே' என்னும் அழைப்பை முன்மொழிந்தார். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே பறந்த விமானிகள் எளிதில் அறியும்படி, 'எனக்கு உதவுங்கள்' என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஓசையை அவர் ஆங்கிலத்திற் படியெடுத்தார். தொழிலாளர் தினத்துக்கும் அதற்கும் எவ்வகைத் தொடர்புமில்லை. 1927ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநாடு அதனை ஏற்றது. மோர்ஸ் ஆபத்துக் குறியோ, செய்மதி வழிப்பட்ட புதிய முறை முழுமையாக நடைமுறைக்கு வந்த 1999ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதியோடு வணிகக் கப்பல்களின் சேவையினின்றும் விடைபெற்றது.

முதலெழுத்துச் சொல்லின் மெய்யான காலம் உலகப் போர்களின் காலமே. பெரும் படைகளும் திணைக்களங்களும் பெருகிய காலத்தில் நீண்ட பெயர்களை எழுதிக் கைசலித்தவர்கள் அவற்றை ஒரு சொல்லாக்கினர். 1915ஆம் ஆண்டு கலிப்போலிப் போரிலே அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினர் 'அன்சாக்' என்று பெயர்பெற்றனர். 1940ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படை, வானொலி அலையினால் பொருளைக் கண்டு தூரம் அளக்கும் கருவியை 'ராடார்' என்றது. 1945இல் யுனெஸ்கோ. 1957இல் கோர்டன் கூல்ட் தம் குறிப்பேட்டில் எழுதிய 'லேசர்'. 1985இல் சார்க். இவற்றின் பெற்றோர், பிறந்த நாள், பிறந்த இடம் மூன்றும் பதிவிலே உள்ளன. பொய் விரிவுகளுக்கு அம்மூன்றில் ஒன்றும் இல்லை.

சில சமயங்களிற் கதைக்குக் கப்பற் சீட்டும் ஒட்டப்படும். ஆடம்பரமானது என்று பொருள்படும் 'பொஷ்' என்னும் சொல், கீழைத்தேயம் வந்த வெள்ளையருள் செல்வர், போகும்போது கப்பலின் இடப்புறத்திலும் திரும்பும்போது வலப்புறத்திலும் வெயில் படாத அறைகளைப் பெற்றமையைக் குறிக்கும் நான்கு எழுத்து என்பர். அவ்வாறு பொறித்த சீட்டு ஒன்றேனும் அகப்படவில்லை. சொல்லோ 1918ஆம் ஆண்டிலேயே 'பஞ்ச்' இதழில் வந்துவிட்டது. கதை 1930களில்தான் தலைகாட்டுகின்றது. இரண்டாம் சார்ல்ஸ் மன்னனின் அமைச்சர் ஐவர் பெயர்களின் முதலெழுத்தால் 'கபால்' என்னும் சொல் உண்டாயிற்று என்பதும் இத்தகையதே. அவ்வைவர் பெயரும் அவ்வாறு அமைந்தது மெய். ஆனால் எபிரேய மறைஞானத்தின் பெயரினின்றும் வந்த அச்சொல் அவர்கள் பதவியேற்குமுன்பே ஆங்கிலத்தில் இருந்தது.

இவ்வாறு ஆண்டைக் காட்டிக் கதையை மடக்குவதற்கு நமக்குக் கைகொடுப்பது ஒக்ஸ்போட் ஆங்கில அகராதி. 1857ஆம் ஆண்டிலே கருவுற்று, 1884இல் முதற் பகுதி வெளிவந்து, 1928இல் நிறைவெய்திய அப்பெருநூல், ஒவ்வொரு சொல்லுக்கும் கிடைத்த மிகப் பழைய மேற்கோளை ஆண்டோடு தருகின்றது. அதனைத் தொகுத்த ஜேம்ஸ் மரே நிறைவைக் காணாது 1915இல் மறைந்தார். விரிவு கூறும் மாணவனிடம், இச்சொல் முதன்முதல் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று ஆசிரியர் வினவட்டும். பெரும்பாலான கதைகள் அவ்வினாவுக்கு முன் நில்லா.

இனி, பென் என்பதன் விலக்கு. கவிஞர், கட்டுரையாளர், நாவலாசிரியர் என்னும் மூவரின் ஆங்கிலப் பெயர்களுக்குரிய முதலெழுத்துக்களைக் கொண்டு அப்பெயர் தாங்கிய எழுத்தாளர் சங்கம் ஒன்று 1921ஆம் ஆண்டு இலண்டனில் தோன்றியது உண்மை. அச்சங்கத்தார் எழுதுகோலின் பெயரை எடுத்துத் தமக்குச் சூட்டினரேயன்றி, எழுதுகோல் அவர்களிடமிருந்து பெயர் பெறவில்லை. பென்னா என்றால் இலத்தீனில் இறகு. இறகினால் எழுதிய காலத்துப் பெயர் அது. அதே இலத்தீன் இறகு போர்த்துக்கேய மொழியில் பேனா என்று வழங்கிற்று. 1505ஆம் ஆண்டு இத்தீவில் வந்திறங்கிய போர்த்துக்கேயர் அலுமாரி, கதிரை, சப்பாத்து என்பவற்றோடு அச்சொல்லையும் நம்மிடம் விட்டுச்சென்றனர். பொது அறிவுக் குறிப்பேட்டிலே பென் என்பதற்கு எதிரே மூன்று ஆங்கிலச் சொற்களை எழுதும் நம் மாணவனின் கையில் இருப்பதும் அந்தப் பேனாவே.